முன்கூட்டிய மருத்துவ விருப்பம்: செவிலியரும் சமூகப் பணியாளரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில், வாய் திறந்து சொல்ல முடியாத நிலை வந்துவிட்டால் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்னரே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அங்கீகரித்தது. அந்த ஆவணத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனை நடைமுறைக்கு ஒத்துவராததால், 2023 ஜனவரி 24 அன்று அது தளர்த்தப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். ஆனால் கையெழுத்துக்கு முன் நடக்க வேண்டிய பேச்சைத் தொடங்கும் வாய்ப்பு பெரும்பாலும் செவிலியருக்கும் மருத்துவ சமூகப் பணியாளருக்கும்தான் கிடைக்கிறது. அங்கேதான் தவறுகளும் நேர்கின்றன.

நான் சமூகப் பணியாளராக இருந்த ஒரு வார்டில், நாள்பட்ட நுரையீரல் நோயுடன் மூன்றாம் முறையாகச் சேர்க்கப்பட்டிருந்த பெரியவர் ஒருவர், அதிகாலையில் வாயைத் துடைத்துவிட்ட செவிலியரிடம், "இன்னொரு தடவை அந்தத் தொண்டைக் குழாயை மட்டும் போட்டுடாதீங்க சிஸ்டர்" என்றார். "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா, நல்லாயிடுவீங்க" என்று செவிலியர் போர்வையை இழுத்துவிட்டார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியம் இரவுப் பணிப் பதிவேட்டில் ஏறவில்லை, காலையில் பணி மாறியபோது யாருக்கும் சொல்லப்படவில்லை. இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறல் முற்றியபோது, விருப்பம் எதுவும் தெரியாத மருத்துவர்கள் குழாயைப் பொருத்தினார்கள். அந்தச் செவிலியரை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தகைய பேச்சைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களில் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை.

ஆறுதல் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவதே இதில் முதன்மையான தவறு என்று கருதுகிறேன். "எதை நினைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலை நோயாளியின் சொற்களிலேயே, தேதியும் நேரமும் இட்டு எழுதி, மருத்துவரிடமும் தெரிவிக்க வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாமா என்று ஆராயும் முதல்நிலை, இரண்டாம்நிலைக் குழுக்கள் இரண்டுமே மருத்துவர்களைக் கொண்டவை. கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய அவர்களுக்கு, படுக்கையருகே கேட்ட சொல் போய்ச் சேர அந்தக் குறிப்பை விட்டால் வேறு வழி அரிது.

சமூகப் பணியாளர் செய்யும் தவறு வேறு வகையானது. காப்பீட்டுப் படிவத்துக்கும் கட்டணச் சலுகைக்கும் அழைக்கப்பட்டுப் பழகியதால், மருத்துவமனைக்கு வந்து போகும் மூத்த மகனிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். "அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க" என்று அவர் கேட்டுக்கொண்டால் அதையே முடிவாக எடுத்துக்கொள்கிறோம். அது அவருடைய பயம் என்று புரிந்துகொண்டு, முதலில் அவருடன் உட்கார்ந்து பேசி, பிறகு நோயாளிக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே கேட்பதுதான் முறை. தாம் பேச முடியாதபோது யார் முடிவெடுக்க வேண்டும் என்று ஆவணத்தில் குறிப்பிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவரையும் குறிப்பிடலாம். வெளியூரில் இருக்கும் மகளின் பெயரை ஒரு தாய் சொன்னால், அருகிலிருக்கும் மகன் அதை முதல்முறையாகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கேட்கும்படி விடக் கூடாது.

"எல்லாம் செய்யணுமா, வேண்டாமா?" என்று கேட்பதும் தவறு. எந்தப் பிள்ளையால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? வென்டிலேட்டர் வேண்டாம் என்பதைக் கருணைக் கொலை என்றோ, கைவிடுதல் என்றோ குடும்பம் புரிந்துகொள்ளாதபடி, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து, வாய்ப் பராமரிப்பு, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்தல் ஆகியவை கடைசிவரை தொடரும் என்பதை அப்போதே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

நம் விருப்பத்தை நோயாளியின் விருப்பமாகக் காட்டும் ஆபத்தும் உண்டு. நெடுநாள் பராமரித்தவருக்குப் பற்று வருவது இயல்பு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர்களும் பணியாளர்களும் தாக்குதலுக்குள்ளாகி நினைவிழந்த சக செவிலியர் அருணா ஷான்பாகைப் பல்லாண்டுகள் கண்ணும் கருத்துமாகப் பேணியதை உச்ச நீதிமன்றம் 2011இல் மனமாரப் பாராட்டியது. ஆனால் தம் விருப்பத்தைச் சொல்லும் நிலையில் அருணா இருக்கவில்லை. சொல்லக்கூடியவர் நம் எதிரில் இருக்கும்போது நாமே அவருக்காக ஊகித்துக்கொள்வதற்கு நியாயமில்லை.

ஆவணத்தைப் பீரோவில் பூட்டிவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதில் பெயர் குறிக்கப்பட்டவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் நகல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர், மருந்துப் பையைப் பார்க்கும்போதே அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவைக்கலாம். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் அதை எழுத்து மூலம் திரும்பப் பெறவோ மாற்றவோ முடியும். ஆகவே ஒவ்வொரு முறை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் அதே கேள்வியை மீண்டும் கேட்டு, கடைசியாகப் பேசிய தேதியை நோயாளிக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.