குசினி சிங்க் அடைத்துவிட்டதா? அசிட் இல்லாமல் நீங்களே எடுக்கலாம்

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் குசினித் தண்ணீர் போய்ச் சேரும் இடம் பின்வளவுதான். குழாய் சுவரைத் துளைத்து வெளியே வந்து வாழையடியில் முடியும், இல்லாவிட்டால் ஊறுகுழிக்குள் இறங்கும். அதே வளவில்தான் கிணறும் இருக்கிறது. அதனால் சிங்க் அடைத்தவுடன் அசிட் போத்தலையோ கொஸ்டிக் சோடாவையோ தேடாதீர்கள். நீங்கள் ஊற்றுவது உங்கள் மண்ணுக்குள்தான் போகிறது.

உடம்புக்கும் அது கூடாது. கொஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரித்துவிடும். மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் ஒன்றை ஊற்றி, அது எடுபடவில்லை என்று மற்றதையும் ஊற்றிவிட்டார். இருமி இருமி முற்றத்துக்கு ஓடிவந்த அவரைப் பிடித்து உட்கார வைத்தது நான்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கை வேலை மட்டும்தான்.

முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். ஒரு சிங்கில் மட்டும் தண்ணீர் நின்றால் அதன் அடியில் உள்ள குழாய் வளைவில்தான் பெரும்பாலும் சிக்கியிருக்கும். குசினியும் குளியலறையும் ஒன்றாக நின்றால் பிழை வெளிக் குழாயில் அல்லது குழியில். கார்த்திகை, மார்கழி மழையில் எல்லாமே மெதுவாக இறங்கினால் அது அடைப்பாக இல்லாமலும் இருக்கலாம். நிலம் ஊறி, குழி தண்ணீர் குடிக்காமல் நிற்கும். அந்த நாட்களில் தண்ணீரைக் குறைத்துப் பாவித்து, மழை விடும்வரை பொறுங்கள்.

உள்ளே என்னதான் இருக்கும்? தேங்காய்ப்பால் கொழுப்பு, சோற்றுக் கஞ்சி, தேங்காய்ப்பூ, மீன் செதிள். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் போத்தலில் அது வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், குழாய்க்குள்ளும் அதேதான். அதோடு எங்கள் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூடிய தண்ணீர். கேத்திலில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். சவர்க்காரத்தோடு சேர்ந்தால் களி மாதிரிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். கஞ்சியை மாட்டுக்கு ஊற்றி, எண்ணெய்ச் சட்டியைக் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவினாலே பாதி அடைப்பு வராது.

சரி, வேலைக்கு வருவோம். றப்பர் கையுறை, வாளி, பழைய துணி, மரப்பிடி போட்ட றப்பர் கிண்ணம் வேண்டும். ஏற்கெனவே யாராவது அசிட்டோ கொஸ்டிக் சோடாவோ ஊற்றியிருந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், பிளம்பரைக் கூப்பிட்டு என்ன ஊற்றியது என்றும் சொல்லுங்கள். கண்ணில் தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது விடாமல் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

படி 1. நிற்கும் ஊத்தைத் தண்ணீரை அள்ளி, றப்பர் மூழ்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். சிங்கின் மேல்பக்கத்தில் சிறு துளை இருந்தால் ஈரத்துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று அதாலே போய்விடும். கிண்ணத்தை வடிவாக அழுத்தி வைத்து, மேலும் கீழுமாக 20 தரம் குத்துங்கள். பல அடைப்புகள் இதோடு சரி.

படி 2. போகவில்லையா? வளைவுக்குக் கீழே வாளியை வையுங்கள். இரண்டு பக்கத்துப் பூட்டையும் கையால் திருகிக் கழற்றலாம். இறுகியிருந்தால் துணி சுற்றித் திருகுங்கள், பிளாஸ்டிக் என்பதால் குறட்டால் நெரித்தால் வெடிக்கும். உள்ளே உள்ள றப்பர் வளையம் எந்தப் பக்கமாக இருந்தது என்று பார்த்து வையுங்கள். வளைவை வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள், அவசரத்தில் அதே சிங்கில் கழுவிவிடாதீர்கள்.

படி 3. வளைவு சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவர்ப் பக்கம். கட்டுக்கம்பியின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, மெதுவாக விட்டுத் திருப்பி இழுங்கள். தள்ளவேண்டாம், தள்ளினால் இன்னும் உள்ளே போய் இறுகும்.

படி 4. வாழையடியில் குழாய் முடியும் இடத்தைப் பாருங்கள். சேறும் வேரும் அங்கேதான் மூடும். கை வைக்க முன்னம் தடியால் தட்டிப் புல்லை விலக்குங்கள், ஈரத்துக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். பகலில் மட்டும் செய்யுங்கள். குழாய் குழிக்குள் போகிறது என்றால் மூடியைத் திறக்கவோ உள்ளே இறங்கவோ கூடாது. நஞ்சு வாயு ஒரு நொடியில் ஆளை விழுத்தும், காப்பாற்ற இறங்கியவரையும் சேர்த்து. அதற்கு குழி இறைக்கும் வாகனம்தான் வரவேண்டும்.

படி 5. றப்பர் வளையத்தை முன்பு இருந்தபடி போட்டு, பூட்டைக் கையால் இறுக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, கை தாங்கும் சூட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கொதிதண்ணீர் வேண்டாம், பிவிசி குழாய் இளகி மூட்டு விட்டுவிடும். அப்புறம் அடியில் வாளியை இரவு முழுக்க விட்டுவையுங்கள். காலையில் அது காய்ந்தபடி இருந்தால் வாளியை எடுத்துவிடலாம்.