பின்பக்கம் அமுங்கும் பிக்கப்புக்கு ஸ்பிரிங் பட்டை சேர்க்குமுன்

களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழைத்தார் ஏற்றும் பிக்கப்புகளில் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். உடனே பட்டறையில் பட்டை, அதாவது லோடைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் தகடு, சேர்க்கச் சொல்லாதீங்க. டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு சக்கரத்திலும் டேப் பிடித்து அளங்க. காலியாக ஒருமுறை, வழக்கமான லோடோடு ஒருமுறை.

காலியிலேயே அமுங்கியிருந்தால் பட்டை சோர்ந்துவிட்டது. இடம் வலம் வித்தியாசமென்றால் பட்டை முறிந்திருக்கலாம், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டையும் பாருங்க. அடித்து வளைத்துப் போடுவது கொஞ்ச நாளைக்குத்தான். பட்டை செட் முழுதையும் மாற்றுவதே மேல். லோடில் மட்டும் அமுங்கினால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை போதும். ஆசைப்பட்டு மூன்று போட்டால் காலி வண்டி துள்ளும், அவ்வளவுதான், ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு அதனால் உயராது.

பட்டைகளை ஆக்சிலோடு (சக்கர அச்சோடு) இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் புதுசு போடணும். பட்டை கூடினால் பழசு நீளமும் பத்தாது. 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்க.

பலர் கோட்டைவிடுவது பிரேக்கில். ஆக்சிலிலிருந்து சேசிஸுக்குக் (வண்டியின் அடிச்சட்டத்துக்குக்) கம்பி போகும், லோடுக்கேற்பப் பின்பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் லோடு வால்வு இருந்தால், பின்பக்கம் உயர்ந்ததும் அது வண்டியைக் காலியென்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியைச் செட் செய்யாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீங்க.