செகண்ட் கீப்பரைத் திட்டுவதா, கோச்சைத் திட்டுவதா?

வியாசர்பாடியில் ஃபுட்பால் மேட்ச் தோற்றால், கிரவுண்டிலிருந்து டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள். "கீப்பர் கவுத்துட்டான்பா." அன்று நின்றவன், ஃபர்ஸ்ட் கீப்பர் இல்லாதபோது மட்டும் இறங்குகிற செகண்ட் கீப்பராக இருந்துவிட்டால் விசாரணையே கிடையாது. இன்னொரு கோஷ்டியும் உண்டு. எது நடந்தாலும் கோச்சை மாத்து என்பார்கள். இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணியே எனக்குக் காலம் போகிறது. ஒரு காலத்தில் ரைட் பேக் ஆடினேன், இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஏரியா டீமுக்கு வேன் பிடிப்பது, ஜெர்சி வாங்குவது, சண்டை விலக்குவது எல்லாம் நான்தான். பழியை எப்படிப் பிரிப்பது என்று நான் வைத்திருக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், அன்றைக்கே பேசாதீர்கள். யாராவது ஒரு பையன் போனில் வீடியோ எடுத்திருப்பான், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போட்டுப் பாருங்கள். பந்து வலைக்குள் போகும் இடத்திலிருந்து பார்க்கக் கூடாது. அங்கிருந்து பார்த்தால் எல்லா கோலுக்கும் கீப்பர்தான் காரணமாகத் தெரிவான், ஏனென்றால் கடைசியாகப் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். நம் காலிலிருந்து பந்து எப்போது போனதோ, அங்கிருந்து ஓட்டுங்கள்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு டோர்னமென்டில் 3-1 என்று தோற்றோம். எங்கள் ஃபர்ஸ்ட் கீப்பருக்கு ஹார்பரில் வேலை செய்யும்போது விரல் நசுங்கிவிட்டது. பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் நின்றான். மூன்று கோலையும் அவன் தலையில் கட்டினார்கள். எனக்கு வீடியோவில் தெரிந்தது வேறு.

முதல் கோல் அவனுடையதேதான். இருபது கெஜத்திலிருந்து உருண்டு வந்த பந்து, முன்னால் மறைக்க ஆள் இல்லை, முட்டியை மடக்காமல் குனிந்தான், கவட்டைக்குள் போனது. இதற்குப் போய் வக்காலத்து வாங்காதீர்கள். பாவம் பார்த்து இதையும் கோச் மேல் போட்டால், அடுத்து நீங்கள் சொல்வதை எவனும் கேட்க மாட்டான்.

இரண்டாவது கோல் வேறு கதை. எதிர் டீம் அடித்த பந்து நம் கோல் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், நாம் உள்ளே அடிப்பதுதான் கோல் கிக். ஃபர்ஸ்ட் கீப்பர் அதை அடித்தால் பந்து சென்டர் லைனைத் தாண்டும். ஃபார்வர்டுகள் இரண்டு பேரும் பழக்கத்தில் அங்கேயே போய் நின்றார்கள். இந்தத் தம்பியின் கிக் அவ்வளவு தூரம் போகாது. போதாததற்குச் சாயங்காலக் கடல் காத்து நேராக முகத்தில். பந்து மேலே போய் அப்படியே தொங்கி, எதிர் டீம் சென்டர் ஹாஃப் நெஞ்சில் இறங்கியது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. அப்படி இறங்கிய ஒரு பந்துதான் மூன்றே பாஸில் கோலானது. ஹாஃப் டைமில் கோச் என்ன சொன்னார் தெரியுமா? "வேகமா ஆடுங்கடா." அவ்வளவுதான்.

கோல் கிக்கைக் கீப்பர்தான் அடிக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர்களில் காலில் பலமுள்ளவனை அடிக்கச் சொல்லியிருக்கலாம். 2019-இல் விதி மாறியபிறகு, பந்து கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்ட்டி பாக்ஸைத் தாண்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம், உள்ளேயே நம் ஆள் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டாப்பரைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சின்னதாகத் தட்டச் சொல்லியிருந்தாலே போதும். கால் நீளாதது பையனின் குறை, சரி. அது தெரிந்தும் ஃபர்ஸ்ட் கீப்பருக்குப் போட்ட பிளானையே வைத்துக்கொண்டது கோச்சின் குறை. இந்தக் கோல் முழுசாக அவர் கணக்கு.

மூன்றாவதில்தான் எனக்கும் யோசனை ஓடியது. கார்னர், அதாவது மூலையிலிருந்து எதிர் டீம் கோல் முன்னால் தூக்கி அடிக்கிற பந்து. தம்பி கோலை விட்டு வெளியே வந்தான், "கீப்பர்!" என்று கத்தவில்லை, ஸ்டாப்பரோடு மோதி விழுந்தான், காலி போஸ்டில் தலையால் தட்டிவிட்டுப் போனார்கள். குரல் கொடுக்காதது அவன் தப்பு. ஆனால் எங்கள் பிராக்டீஸைப் போய்ப் பாருங்கள். செகண்ட் கீப்பர் போஸ்டுக்குப் பின்னால் பந்து பொறுக்கிக்கொண்டிருப்பான், வெளிச்சம் மங்கும்போது கூப்பிட்டு நாலு ஷாட் அடிப்பார்கள். மெயின் ஸ்டாப்பர்களோடு சேர்ந்து ஒரு கார்னர்கூட நின்றதில்லை. எங்கள் ஃபர்ஸ்ட் கீப்பர் லைனை விட்டு நகராத ஆள், அதனால் ஸ்டாப்பர் எந்தப் பந்துக்கும் தானே எகிறிப் பழகியவன். மோதாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். பாதிப் பாதி என்று போட்டேன்.

ஆக, வீடியோவை வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பந்து வரும் முன்னாலேயே முடிவானது எது, பந்து வந்தபிறகு அவன் கையில் இருந்தது எது? முன்னதெல்லாம் கோச், பின்னதெல்லாம் பையன்.

பெரிய ஆட்டத்திலும் இதே கணக்குதான். 2014 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும் கோல் இல்லாமல், முடிவு செய்ய ஆளுக்கு ஐந்து பெனால்ட்டி அடிக்கும் கட்டம் வந்தது. அதற்குச் சற்று முன்னால் நெதர்லாந்து கோச் வான் கால், அதுவரை கீப்பராக நின்ற சிலெசனை எடுத்துவிட்டு டிம் க்ரூலை இறக்கினார். ஐந்து பெனால்ட்டிக்கும் சரியான பக்கம் பாய்ந்து இரண்டைத் தடுத்தார் க்ரூல். இறங்க வேண்டி வரலாம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்து அர்ஜென்டினாவோடு அரையிறுதி, அங்கேயும் பெனால்ட்டி. ஆனால் ஆள் மாற்ற இருந்த மூன்று வாய்ப்பும் தீர்ந்துபோயிருந்தது. சிலெசனே நின்றார், ஒன்றும் சிக்கவில்லை, நெதர்லாந்து 4-2 என்று தோற்றது. சிலெசனைத் திட்டுகிறவர்கள், அந்தப் பக்கம் அர்ஜென்டினா கீப்பர் ரொமேரோ இரண்டைத் தடுத்ததைச் சொல்ல மாட்டார்கள்.

நைட் ஷிஃப்ட் பார்க்கும் என் அக்கா மகன் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். அங்கே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் அடிபட்டால் இதே பஞ்சாயத்துதானாம். 2017 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் கார்சன் வென்ட்ஸுக்கு முட்டி போனது. பேக்கப்பாக வந்த நிக் ஃபோல்ஸ் நடுவில் தடுமாறினார், ஒரு மேட்சில் டீமுக்கு ஒரு பாயின்ட்கூட வரவில்லை. கோச் டக் பீடர்சனும் மற்றவர்களும் ஃபோல்ஸுக்கு எது நன்றாக வரும் என்று பார்த்து அதற்கேற்ற ஆட்டத்துக்கு மாறினார்கள். 2018 பிப்ரவரியில் அந்த ஆட்டத்தின் ஃபைனலான சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸை 41-33 என்று அடித்தார்கள், சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஃபோல்ஸுக்குத்தான். அதே ஆள், அதே கை. மாறியது அவரை வைத்து ஆடிய விதம்.

கோச் மேலேயே எல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிராக்டீஸுக்குக் கூப்பிட்டும் வராதவன், வந்தும் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்தவன், அடிபட்டதை மறைத்து இறங்கியவன், இவர்களையெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். எங்கள் தம்பி அப்படியில்லை. ஃபர்ஸ்ட் கீப்பரின் கிளவுஸைத்தான் போட்டுக்கொண்டு நின்றான், அவன் கைக்கு ஒரு சைஸ் பெரிது. அதைக் கவனிக்க கோச்சும் இல்லை, கமிட்டியும் இல்லை.

கோச்சிடம் பேசும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தனியாகப் போங்கள். டீ சொல்லிவிட்டு வீடியோவைக் காட்டி, "இவன் நிக்கிறான்னு தெரிஞ்சதும் நீங்க எதை மாத்தினீங்க, சார்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்றையாவது சொன்னால் அவரோடு வேலை செய்யலாம். "அவன்தான்பா விட்டான்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னால், கமிட்டியில் வேறு ஆள் பற்றிப் பேச்செடுக்கலாம். எங்கள் ஆள் கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம், வாரத்தில் ஒருநாள் செகண்ட் கீப்பரை மெயின் ஸ்டாப்பர்களோடு நிறுத்தி கார்னர் மட்டும் போட ஒத்துக்கொண்டார். பையனிடம் பேசுவதென்றால் டீக்கடை வேண்டாம், அவன் சேக்காளிகள் முன்னாலும் வேண்டாம். முதல் கோலை மட்டும் காட்டி, முட்டியை மடக்கச் சொல்லுங்கள். கிளவுஸ் கமிட்டிப் பணத்தில் வாங்கிக் கொடுங்கள், கடைக்குக் கூட்டிப் போய் அவன் கையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.