பழைய மோட்டோகிராஸ் வண்டியை ஸ்டார்ட் செய்வது எப்படி: பி.எஸ்.ஏ. விக்டர் 441

சேறும் மேடுபள்ளமுமான மண் பாதையில் நடக்கும் பைக் பந்தயமான மோட்டோகிராஸில், 500 சி.சி. பிரிவின் உலகச் சாம்பியன் பட்டம் 1957-இல் தொடங்கியது. அன்று முதல் 1965 வரை அதை வென்ற வண்டிகள் அனைத்தும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே. சுவீடனின் பில் நில்சன், ஸ்டென் லுண்டின், ரால்ஃப் டிப்ளின், பெல்ஜியத்தின் ரெனே பேட்டன் ஆகியோர் வரிசையில் கடைசியாக 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றவர் பிரிட்டனின் ஜெஃப் ஸ்மித். 1966-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் செசட் (CZ) டூ ஸ்ட்ரோக் வண்டியுடன் பால் ஃப்ரீட்ரிக்ஸ் பட்டத்தைக் கைப்பற்றிய பிறகு, 1993-இல் ஜாக்கி மார்ட்டென்ஸ் ஹஸ்க்வார்னாவில் வெல்லும் வரை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி எதற்கும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

ஸ்மித் ஓட்டியது பிரிட்டிஷ் நிறுவனமான பி.எஸ்.ஏ.வின் வண்டி. அது 250 சி.சி. கொண்ட சி15 என்ற சாதாரணச் சாலை வண்டியின் வழிவந்தது. அந்தச் சிறிய எஞ்சினை முதலில் 343 ஆகவும், பிறகு 420 ஆகவும், இறுதியில் 441 சி.சி. ஆகவும் பெருக்கினார்கள். பி.எஸ்.ஏ.வின் முழு 500 சி.சி. வண்டியான கோல்டு ஸ்டாரைவிட வலு சற்றுக் குறைந்தாலும் எடை வெகுவாகக் குறைந்தது. சேற்றிலும் மேட்டிலும் அதுவே வெற்றி தந்தது. அந்த 441-இன் விற்பனை வடிவமான விக்டர் வண்டிகள் இன்றும் பிரிட்டனின் பழைய வண்டிப் போட்டிகளில் ஓடுகின்றன. அத்தகைய வண்டி ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்குத் தடையாக நிற்பது ஓடுபாதை அல்ல, கிக்கர். ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் காலில் வலு இல்லாதது காரணமல்ல. மிதிக்கத் தொடங்கும் கணத்தில் பிஸ்டன் தவறான இடத்தில் நிற்பதே காரணம். கீழே உள்ள படிகள் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே அமைந்தவை.

படி 1: ஆயிலைப் பாருங்கள்

இந்த எஞ்சினில் ஆயில் அடிப்பகுதியில் தங்குவதில்லை. தனி இடத்திலிருந்து பம்ப் மூலம் வந்து, சுற்றி, அங்கேயே திரும்பிச் செல்கிறது. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து எஞ்சினின் அடியில் இறங்கிவிடக்கூடும். அளவு குறைந்திருப்பதைக் கண்டதும் மேலே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். முதலில் எஞ்சினின் அடிப்பகுதி மூடியைத் திறந்து, தேங்கியதை வடித்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

படி 2: கிளட்சைப் பிரித்துவிடுங்கள்

நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிக்கரைச் சில முறை அழுத்தினால் அவை விலகும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டால் வண்டி தானாகப் பாயும். கியர் மிதி வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமும் இருப்பதால், நியூட்ரல் எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

படி 3: பெட்ரோலை வரவழையுங்கள்

குழாயைத் திறந்து, ஆமல் கார்புரேட்டரின் மேலுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அது உள்ளே இருக்கும் மிதவையைக் கீழே அமுக்குவதால் பெட்ரோல் மட்டம் உயர்ந்து, கலவை செறிவாகிறது. வெளியே ஈரம் தெரிந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இந்தப் பொத்தானைத் தொடவே கூடாது.

படி 4: பிஸ்டனை நிறுத்துங்கள்

இதுதான் முக்கியமான படி. இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் அது கெட்டியாக நின்றுவிடும். அப்போது பிஸ்டன் அமுக்க ஓட்டத்தில் (கம்ப்ரஷன்) ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றன. அந்த இடத்திலிருந்து ஓங்கி மிதித்தால் ஃப்ளைவீலுக்கு வேகம் சேர்வதற்கு முன்பே முழு அமுக்கத்தையும் உங்கள் கால் தாங்க வேண்டியிருக்கும். கிக்கர் திருப்பி உதைத்தால் கணுக்காலுக்கு ஆபத்து. ஆகவே ஹேண்டில்பாரில் உள்ள, வால்வைத் திறந்து அமுக்கத்தை வெளியேற்றும் சிறு பிடியான வால்வு தூக்கியை இழுத்துப் பிடித்து, கிக்கரைச் சிறிதளவு மட்டும் நகர்த்தி, பிஸ்டனை உச்சியைத் தாண்டச் செய்து, வால்வு தூக்கியை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வர விடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அமுக்கம் வருகிறது என்பதால், அடுத்த அமுக்கத்துக்கு முன் ஏறத்தாழ இரண்டு சுற்றுகள் தடையின்றிக் கிடைக்கும். அந்த இரண்டு சுற்றில் சேரும் வேகமே பிஸ்டனை அமுக்கத்துக்கு மேல் ஏற்றித் தள்ளும். சென்னையில் உருவான பழைய புல்லட்டை டீகம்ப்ரஸர் பிடித்து மிதித்தவர்களுக்கு இது புதிதல்ல; ஆனால் ஆம்ப்பியர் முள்ளைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் வசதி இந்தப் பந்தய வண்டியில் இல்லை, காலின் உணர்வை மட்டுமே நம்ப வேண்டும்.

பிற்காலத்தில் யமஹா தனது எக்ஸ்டி 500-இன் சிலிண்டர் தலையில், சரியான இடத்தைக் காட்டும் ஒரு சிறு கண்ணாடிச் சாளரத்தையே வைத்தது. அந்த எஞ்சினைக் கொண்டு உருவான எச்எல் 500-ஐ ஓட்டித்தான் பெங்ட் ஓபெரி 1977-இல் லக்சம்பர்க் கிராண்ட் பிரீயின் ஒரு பந்தயத்தை டூ ஸ்ட்ரோக் கூட்டத்துக்கு நடுவே வென்றார்.

படி 5: ஒரே மிதி

கனமான பூட்ஸ் அணிந்து, உடல் எடை முழுவதையும் கிக்கர் மேல் ஏற்றி, கீழ்வரை தயக்கமின்றி மிதியுங்கள். முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மூடியே வைத்திருங்கள், அல்லது மிகச் சிறிதளவு திறந்திருங்கள். பேட்டரி இல்லாத இந்த வண்டியில், எஞ்சின் சுற்றும்போது உண்டாகும் மின்சாரமே தீப்பொறியைத் தருகிறது. அரை மனதோடு மிதித்தால் பொறியும் அரைகுறையாகவே இருக்கும். பல முறை மிதித்தும் பலனில்லை என்றால் பிளாட்டின இடைவெளியை (தீப்பொறியைத் தூண்டும் காண்டாக்ட் பாயிண்டுகளின் இடைவெளி) அளந்து பாருங்கள்: 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்த இக்னிஷன் அமைப்பு அந்த இடைவெளி மாறுவதைச் சற்றும் பொறுக்காது.

படி 6: விழுந்த பிறகு

பந்தயத்தில் வண்டி கவிழ்ந்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் எஞ்சினுக்குள் வழிந்துவிடும். பெட்ரோல் குழாயை மூடி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து, வால்வு தூக்கியை இழுத்தபடி சில முறை மிதித்து, தேங்கிய பெட்ரோலை வெளியேற்றுங்கள். பிறகு குழாயைத் திறந்து, ஆக்சிலரேட்டரை மூடி, நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள். பதற்றத்தில் நான்காம் படியைத் தாண்டிச் செல்பவர்களே ஓடுபாதை ஓரத்தில் வியர்த்து நிற்கிறார்கள்.

எடை குறைப்பதில் பி.எஸ்.ஏ.வும் ஒரு கட்டத்தில் இப்படித்தான் அவசரப்பட்டது. 1966-இல் ஸ்மித்துக்காக டைட்டானியச் சட்டகம் (ஃப்ரேம்) ஒன்றைச் செய்தது. மந்த வாயுச் சூழலில் மட்டுமே பற்றவைக்கக்கூடிய அந்த உலோகம் விரிசல் விட்டபோது, ஓடுபாதையில் அதைச் சரிசெய்ய வழியில்லை. உங்கள் கைக்கு வரும் விக்டரில் எஃகுச் சட்டகமே இருக்கும் என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

படி 7: ஸ்டார்ட் ஆன பிறகு

உடனே முறுக்காதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள்: திரும்பி வரும் குழாயிலிருந்து ஆயில் விட்டுவிட்டு விழ வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் விழவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, பம்ப்பைப் பார்க்காமல் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் விழுந்தால் மூடியை மூடி, சிலிண்டரைக் குளிர்விக்கும் துடுப்புகள் கையில் சூடு தெரியும் வரை மிதமான வேகத்தில் ஓட விட்டு, அதன் பிறகு முதல் கியரைப் போடுங்கள். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூட மறக்காதீர்கள். மிதவை ஊசி தேய்ந்த ஆமல் கார்புரேட்டர் இரவு முழுவதும் சொட்டிக்கொண்டே இருக்கும்.