மணலுக்கு அடியில் பாலாறு: வகுப்பறைக்கு ஒரு சார்ட் செய்யும் முறை

காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் தெரிவது மணலும் சீமைக்கருவேலமும்தான். அதே மணலில் ஊற்றுக்கால் (ஊறும் நீரைக் கொண்டுபோகும் வாய்க்கால்) வெட்டி இந்தப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று சொன்னால் தலையாட்டும். ஆனால் மனதில் படம் எழாது. கண்ணுக்கு எட்டாத ஒன்றைக் காட்டுவதற்காகவே சார்ட் வேண்டும். கீழே சொல்வது 5 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கானது: மேல் பாதியில் ஆற்றின் நீளம், கீழ் பாதியில் திறந்து மூடும் மணல் மடிப்பு.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 56-க்கு 71 செ.மீ. வெள்ளை சார்ட் இரண்டு (ஒன்று வரைய, ஒன்று பின்னால் ஒட்ட), பட்டை முனையுள்ள கருப்பு, நீல, சிவப்பு மார்க்கர்கள், நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர், துணி டேப், தையல் கடை வெல்க்ரோ ஒரு சாண், 75 செ.மீ. மரக்குச்சி இரண்டு, நூல், மைதா பசை. பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை கலந்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், அதனால் பசை வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

தாளை அகலவாட்டில் வைத்து மேலிருந்து 8 செ.மீ. தலைப்புக்கு, அடுத்த 16 ஆற்றுக்கு, அடுத்த 28 குறுக்குவெட்டுக்கு (மணலை வெட்டிப் பார்த்தால் உள்ளே தெரிவதைக் காட்டும் படம்), கடைசி 4 வெறும் ஓரம் என்று பென்சிலால் பிரியுங்கள். இருபுறமும் 6.5 செ.மீ. விட்டால் நடுவில் 58 செ.மீ. கிடைக்கும். பாலாற்றின் நீளம் 348 கி.மீ.; 6 கி.மீ.க்கு ஒரு செ.மீ. என்று கொண்டால் கச்சிதமாக அதே 58. கர்நாடகத்தில் ஓடும் 93 கி.மீ. 15.5 செ.மீ.; ஆந்திரத்தின் 33 கி.மீ. 5.5, தமிழ்நாட்டின் 222 கி.மீ. 37. வளைவுகள் வேண்டாம், நேர்கோடு போதும். 1933-இல் வெளிவந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் ஹாரி பெக் செய்ததும் இதுதான்: நிலத்தின் நெளிவுகளை விட்டுவிட்டு, எதற்கு அடுத்து எது என்பதை மட்டும் காட்டினார். எந்த ஊர் எங்கே வரும் என்பதற்கு, அச்சான வரைபடத்தில் ஆற்றின் மேல் நூலை நெளித்து வைத்து, நிமிர்த்தி அளந்து, அந்த வரைபடத்தின் அளவுகோலால் கி.மீ. ஆக்குங்கள்.

எழுத்தின் உயரத்தில்தான் பல சார்ட்கள் தோற்றுப்போகின்றன. நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டரில் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து ஏறக்குறைய 9 மி.மீ. அது கண் மருத்துவரின் அறையில். மங்கிய வெளிச்சமும் பின்பெஞ்சும் உள்ள வகுப்பில் 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் படிக்க முடியாது. அந்த உயரத்தில் ‘வாணியம்பாடி’ மட்டுமே பதினேழு செ.மீ. வரை இடம் பிடிக்கும். ஆகவே நான்கு பெயர்களுக்கு மேல் போகாதீர்கள்: நந்தி மலை, வேலூர், கடல், சிவப்புப் புள்ளி வைத்த உங்கள் ஊர். ஆறு கடலில் சேரும் இடம் வயலூர்தான். ஆனால் தூரத்தில் அது ‘வேலூர்’ போலவே தெரியும், அதனால் அலை வரைந்து ‘கடல்’ என்று எழுதுவது நல்லது. தமிழ் எழுத்தில் முதலில் மறைவது புள்ளியும் சுழியும். புள்ளியைத் தலையில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள். ண, ன சுழிகளுக்குள் வெள்ளை தெரிய வேண்டும். சொல்லை உடைத்தால் அடுத்த வரியை மெய்யெழுத்தில் தொடங்க வேண்டாம்.

நீலம் தண்ணீருக்கு மட்டும். தலைப்பை நீலத்தில் எழுதினால் கண் அங்கேயும் தண்ணீரைத் தேடும்.

குறுக்குவெட்டில்தான் முக்கியமான தவறு நடக்கிறது. மணலுக்குக் கீழே ஒரு நீலப் பட்டை தீட்டிவிடுவோம். அதைப் பார்க்கும் பிள்ளை, அடியில் குகை மாதிரி ஓர் ஏரி இருக்கிறது என்றே நினைக்கும். அந்தத் தப்பை விதைத்தது நம் படம். உண்மையில் தண்ணீர் நிற்பது மணல் மணிகளின் இடுக்கில். எனவே 40-க்கு 18 செ.மீ. கட்டத்துக்குள் 1 முதல் 2 செ.மீ. வட்டங்களை ஒன்றையொன்று தொடும்படி கருப்பால் வரைந்து, கீழ் முக்கால் பாகத்தில் இடைவெளிகளை மட்டும் நீலமாக்குங்கள். மேல் கால் பாகம் வெள்ளையாகவே இருக்கட்டும், அங்கே காற்று. பக்கத்தில் ‘பெரிதாக்கிய மணல்’ என்று எழுத மறக்க வேண்டாம்.

அதே அளவு பிரவுன் பேப்பரை மேலே மூடி, கீழ் விளிம்பில் துணி டேப் ஒட்டுங்கள். மேல் விளிம்பில் ஒட்டினால் திறந்தபின் கையால் பிடித்திருக்க வேண்டும், அந்தக் கையே படத்தை மறைக்கும். கீழே ஒட்டினால் தானாக விழுந்து தொங்கும். மூடி நிற்க மேலே இரண்டு வெல்க்ரோ துண்டு. சாதா செல்லோடேப் வேலூர் வெயிலில் ஒரே கோடையில் மஞ்சளாகி உரிந்துவிடும். உண்மையான மணலை ஒட்ட ஆசை வரும். கனத்தில் தாள் தொய்ந்து மணி உதிரும்.

மடிப்பின் மேல் ஒரே கேள்வி: ‘ஆறு காய்ந்துவிட்டதா?’ திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம், அடியில் என்ன இருக்கும் என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள். தப்பாக வரைந்தாலும் திருத்த வேண்டாம். முதலிலேயே திறந்து காட்டினால் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். திறந்த கையோடு கண்ணாடி டம்ளரில் காய்ந்த மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள்: மணிகளின் பருமனைப் பொறுத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு டம்ளர் உள்ளே போகும்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும் இதே இடுக்குகளில்தான் தங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு வேறொரு சார்ட் செய்யுங்கள். இதிலேயே திணித்தால் இரண்டும் பதியாது.

மாட்டுவதற்கு முன் சார்ட்டைக் கைபேசியில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து தாளோடு கரைந்தால் நிறத்தை மாற்ற வேண்டும். இதைப் பார்க்காத ஒரு பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ‘புரிந்ததா?’ என்று கேட்காமல் ‘என்ன தெரிகிறது?’ என்று கேளுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் வெயில் பட்டு சிவப்பு முதலில் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவராக இருந்தால் குச்சிக்குப் பின்னால் இரண்டு கட்டை வைத்து 2 செ.மீ. விலக்கித் தொங்கவிடுங்கள்.