கூகுள் மேப்பில் உங்கள் கடை எந்தத் தெருவில் இருக்கிறது?

கும்பகோணத்தில் என் மாமா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. இருபது வருடத்துக்கு மேலாக அதே இடம்தான். பழைய ஆட்களுக்கு வழி சொல்லவே வேண்டாம். ஆனால் புதிதாகக் குடிவந்தவர்கள் மிக்ஸி நின்றுபோனால் எதிர்வீட்டில் போய்க் கேட்பதில்லை. போனை எடுத்து ‘மிக்ஸி ரிப்பேர் நியர் மீ’ என்று தட்டுகிறார்கள்.

ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடியே நானும் தட்டிப் பார்த்தேன். மாமா கடை வந்தது. அடுத்த தெருவில், பழைய போன் நம்பரோடு, ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்ற சிவப்பு எழுத்தோடு வந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஏன் மாப்ளே, நான் இங்கதான உட்கார்ந்திருக்கேன்?”

அதைச் சரிசெய்ய நாங்கள் செய்தவற்றை அதே வரிசையில் எழுதுகிறேன். டெய்லர் கடை, மெஸ், சைக்கிள் கடை, டியூஷன் சென்டர் என்று எதற்கும் இது பொருந்தும். வெப்சைட் தேவையில்லை. காசும் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு உள்ளூர்த் தேடலில் யாரையும் மேலே ஏற்றுவதில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அது பார்ப்பதாகச் சொல்வது மூன்று விஷயங்களை: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து கடை இருக்கும் தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற இரண்டில் வேலை இருக்கிறது.

படி 1: ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

அவசரப்பட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமலேகூடக் கடை அங்கே இருக்கலாம், வாடிக்கையாளர் யாராவது சேர்த்திருப்பார். புதிதாக இன்னொன்று போட்டால் ஒரே கடை இரண்டாகக் காட்டும். ரிவ்யூக்கள் ஒன்றில் இருக்கும், சரியான நம்பர் இன்னொன்றில் இருக்கும்.

கடை ஏற்கெனவே இருந்தால், அந்தப் பக்கத்திலேயே இது உங்கள் வணிகமா என்று கேட்கும் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டு உரிமை கோரலாம். இல்லாவிட்டால் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (தேடலிலும் மேப்பிலும் கடை விவரங்களைக் காட்டும் பக்கம்) என்பதற்குப் போய்ப் புதிதாகச் சேர்க்கலாம். 2021 வரை இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர். பழைய யூடியூப் வீடியோக்கள் அதற்கென்று இருந்த ஆப்பை இறக்கச் சொல்லும். அந்த ஆப்பை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லாமே கூகுள் தேடலுக்குள்ளும் மேப் ஆப்பிலும்தான்.

மாமாவுக்கு இங்கேதான் முதல் சிக்கல். சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்து, ‘ஆன்லைன்ல போட்டுத் தர்றேன்’ என்று இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். போட்டும் தந்திருக்கிறார், ஆனால் தன் ஜிமெயிலில். ஆள் இப்போது எங்கே என்று தெரியாது. கடைக்குச் சாவி மாமாவிடம், கூகுளில் அதே கடைக்குச் சாவி இன்னொருவரிடம்!

உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், அணுகல் கேட்டு அங்கேயே விண்ணப்பிக்கலாம். இப்போது கணக்கை வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் போகும், பதில் சொல்ல மூன்று நாள். பதிலே வராவிட்டால், நீங்களே உரிமையாளர் என்று நிரூபித்து எடுத்துக்கொள்ளும் வழி பல சமயம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது. அதனால் கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டைக் கல்லாப்பெட்டி நோட்டில் எழுதி வையுங்கள். மகனோ மருமகளோ பார்த்துக்கொள்வதாக இருந்தால் அவர்களை மேனேஜராகச் சேர்த்தால் போதும். உரிமையாளர் கணக்கு கடைக்காரரிடமே இருக்கட்டும்.

படி 2: பெயரும் வகையும்

பெயர் என்ற இடத்தில் போர்டில் இருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். ‘பெஸ்ட் மிக்ஸி ரிப்பேர் கும்பகோணம்’ என்று வால் ஒட்டுவது ஊரெங்கும் நடக்கிறது. அது விதிமீறல். யாராவது புகார் செய்தால் வால் போகும், சில சமயம் ப்ரொஃபைலே முடங்கிப்போகும்.

பெயரில் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் வகை இருக்கிறது. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். கூகுள் தரும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாமாவின் கடை ‘எலக்ட்ரிக்கல் ஸ்டோர்’ என்று இருந்தது. அப்படியே விட்டால் ஒயரும் பல்பும் கேட்டுத்தான் போன் வரும். முதன்மை வகையை ‘அப்ளையன்ஸ் ரிப்பேர் சர்வீஸ்’ என்று மாற்றினோம். ஒன்பது இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். உண்மையில் செய்கிற வேலை எதுவோ அது போதும்.

படி 3: பின்னை நகர்த்துங்கள்

நான் பார்த்தவரை முக்கால்வாசிக் கடைகள் கோட்டைவிடும் இடம் இதுதான். முகவரியைத் தட்டியதும் கூகுள் தானாக மேப்பில் ஒரு பின்னை, அதாவது கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குறியை, குத்தும். நம் ஊர்க் கதவு எண்கள் பழசு, புதுசு, பை போட்ட எண் என்று இருப்பதால், அந்தப் பின் பெரும்பாலும் தெருவின் நடுவிலோ பெரிய சாலையிலோ போய் விழும். சந்துக்குள் இருக்கும் கடை என்றால் கேட்கவே வேண்டாம்.

முகவரியைத் திருத்தும் இடத்தில் மேப் திறக்கும். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றுங்கள். உங்கள் கூரையைக் கண்டுபிடியுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நல்ல அடையாளம். அப்புறம் பின்னைக் கூரையின் நடுவில் வைக்காமல் கடை வாசல் பக்கமாக இழுத்து வையுங்கள். அந்தப் பின் எந்தத் தெருவுக்கு அருகில் இருக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் மேப் பல சமயம் வழிகாட்டும். மாமா கடையின் பின்சுவர் இன்னொரு தெருவை ஒட்டியிருக்கிறது. முதலில் நான் நடுவில் வைத்துவிட்டேன். சோதித்துப் பார்க்க, பஸ் ஸ்டாண்டிலிருந்து மேப் போட்டு வரச்சொல்லி அத்தை பையனை அனுப்பினேன். அவன் பின்பக்கத் தெருவில் மாட்டுக்கொட்டகை முன்னால் நின்றுகொண்டு, “கடை எங்கண்ணே?” என்று போன் செய்தான். சுவருக்கு இந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம் அவனுக்கே கேட்டிருக்கிறது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். கடையைத் தெரியாத ஒருவர் வண்டியில் வந்து பார்ப்பதுதான் சரியான சோதனை.

வீட்டிலிருந்தபடி தொழில் செய்து, வாடிக்கையாளர் வீட்டுக்கு நீங்களே போவதாக இருந்தால் (பிளம்பிங், ஏசி சர்வீஸ் மாதிரி), முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஊர்களுக்குப் போவீர்கள் என்று மட்டும் காட்டலாம். 20 இடங்கள் வரை சேர்க்கலாம்.

படி 4: நேரமும் நம்பரும்

இப்போது நீங்கள் எடுக்கும் போன் நம்பரையும், கடை உண்மையில் திறந்திருக்கும் நேரத்தையும் போடுங்கள். மாமா மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையை மூடிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவார். அதை ஒளிப்பானேன்? ஒரே நாளுக்கு இரண்டு நேரமாகப் பிரித்துப் போட வசதி இருக்கிறது. ‘ஓப்பன்’ என்று பார்த்துவிட்டுத் திருவிடைமருதூரிலிருந்து கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்று யோசியுங்கள். தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா நாட்களுக்குச் சிறப்பு நேரம் என்று தனியாகப் போடலாம். 2028-இல் மகாமகம் வருகிறது. அப்போது குளத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

படி 5: வீடியோ எடுத்து நிரூபியுங்கள்

கடை உங்களுடையதுதான் என்பதை எந்த முறையில் சரிபார்க்க வேண்டும் என்று கூகுள்தான் தீர்மானிக்கும். போன், எஸ்எம்எஸ், மின்னஞ்சல், தபால் என்று பல முறைகள் இருந்தாலும் இப்போது பலருக்கும் வருவது வீடியோ. குறைந்தது 30 விநாடி, நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன தொழில் நடக்கிறது, அதை நடத்துவது நீங்கள்தானா: இந்த மூன்றும் தெரிய வேண்டும்.

எங்கள் முதல் வீடியோ தேறவில்லை. கடைக்குள்ளேயே தொடங்கி மேஜையையும் மோட்டார்களையும் காட்டி முடித்துவிட்டேன். அது எந்த ஊரில் இருக்கும் மேஜை என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது முறை காலையில் கடை திறக்கும் முன்னால் போனோம். தெருமுனைப் பெயர்ப்பலகையில் தொடங்கி, பக்கத்து டீக்கடையைக் காட்டி, அப்படியே நடந்து மாமாவின் போர்டு. மாமா சாவி போட்டு ஷட்டரைத் தூக்கினார். உள்ளே காயில் சுற்றும் மெஷின், ஆணியில் தொங்கும் ஆர்மேச்சர்கள், கல்லா, கடைப் பெயர் அச்சடித்த பில் புத்தகம். மொத்தம் ஒன்றரை நிமிடம். ஆட்கள் முகமும் ஆதார் மாதிரி ஆவணங்களும் தெரியாமல் எடுங்கள். பரிசீலனைக்கு ஐந்து வேலை நாள் வரை ஆகலாம் என்கிறார்கள்.

படி 6: போட்டோ, சேவைகள்

போட்டோவுக்குப் பெரிய கேமரா வேண்டாம். தெருவிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு படம், எதிர்த்திசையிலிருந்து வருபவருக்கு ஒன்று, உள்ளே இரண்டு, வேலை நடக்கும்போது சில. இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான படங்கள் வேண்டாம். வருகிறவர் தேடப்போவது உங்கள் போர்டைத்தான்.

சேவைகள் பகுதியில் ‘அனைத்து ரிப்பேர் வேலைகளும்’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஜார் பிளேடு மாற்றுதல், கப்ளர் மாற்றுதல், கார்பன் பிரஷ், ஃபேன் காயில் கட்டுதல் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லே நல்ல சொல். யாரும் ‘ரீவைண்டிங்’ என்று கேட்டுக் கடைக்கு வருவதில்லை, “காயில் போயிடுச்சு” என்றுதான் வருகிறார்கள். இரண்டையும் போட்டோம். கடையைப் பற்றிய விவரிப்புக்கு 750 எழுத்துகள் வரை இடம் உண்டு. எத்தனை வருடக் கடை, எந்த அடையாளத்துக்குப் பக்கம், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று நேரில் பேசுவது போல எழுதினால் போதும்.

படி 7: ரிவ்யூ கேட்பது

கேட்கக் கூச்சப்படுவார்கள் நம் ஆட்கள். கேட்க ஒரு நேரம் இருக்கிறது. ரிப்பேர் முடிந்து, மிக்ஸியை பிளக்கில் சொருகி மாமா ஒரு சுற்று விடுவார். அது ‘விர்’ரென்று ஓடும்போது அந்த அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வரும். அப்போது கேட்க வேண்டும். ப்ரொஃபைலிலேயே ரிவ்யூ கேட்பதற்கான இணைப்பும் கியூஆர் கோடும் கிடைக்கும். அச்சடித்து, பணம் அனுப்பும் கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டோம். பக்கத்தில் வைத்ததில் ஒரு வேடிக்கை: முதல் வாரம் இரண்டு பேர் பணம் அனுப்பப் போய் ரிவ்யூ பக்கத்தில் நின்றார்கள். பிறகு ‘எங்கள் வேலை எப்படி?’ என்று பெரிதாக எழுதி ஒட்டினோம்.

ஐந்து ஸ்டார் போட்டால் தள்ளுபடி என்பதெல்லாம் கூடாது, விதிப்படி தடை. திருப்தியாகப் போகிறவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் தடைதான். சொந்தக்காரர்கள் பதினைந்து பேரை உட்காரவைத்து ஒரே ராத்திரியில் எழுதவைத்தால், அவை நீக்கப்பட வாய்ப்பு அதிகம். வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்தாலும் உண்மையானவை வரட்டும்.

கெட்ட ரிவ்யூ வரும். மாமாவுக்கு வந்தது: ‘நாலு நாள் அலையவிட்டார்கள்.’ மாமா கோபத்தில், “அந்தம்மா கேட்ட ஜார் கம்பெனியிலேயே வரலை, அதை எழுது” என்றார். நான் எழுதியது இது: ‘தாமதத்துக்கு மன்னிக்கவும் அம்மா. அந்த மாடல் ஜார் வர நான்கு நாள் ஆகிவிட்டது. முதல் நாளே போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். இனி சொல்லிவிடுகிறோம்.’ அந்த அம்மா திரும்ப வந்தாரா என்று தெரியாது. ஆனால் ஒரு வாடிக்கையாளர், அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார்.

இடையில் சில எச்சரிக்கைகள்

ப்ரொஃபைல் வெளியே தெரிந்ததும் போன்கள் வரும். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், கட்டணம் கட்டாவிட்டால் கடை மேப்பிலிருந்து போய்விடும்’ என்பார்கள். பொய். வைத்துவிடுங்கள். ஓடிபி கேட்டால் இன்னும் வேகமாக வைத்துவிடுங்கள்.

கடையில் உட்கார்ந்து தேடிப் பார்த்து ‘நாம்தான் முதலில்’ என்று மகிழாதீர்கள். கடைக்குள்ளேயே நின்று தேடினால் அது முதலில் வரத்தான் செய்யும். தாராசுரத்திலோ சுவாமிமலையிலோ இருக்கும் சொந்தக்காரரை, கடைப் பெயரைச் சொல்லாமல், ‘மிக்ஸி ரிப்பேர்’ என்று மட்டும் தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். சுவாமிமலைக்காரருக்கு அந்த ஊர்க் கடை முதலில் வந்தால் அது நியாயம்தான். அங்கே இருக்கும் அத்தை வீட்டு முகவரியில் இன்னொரு ப்ரொஃபைல் போடலாமா என்று மாமாவே கேட்டார். கூடாது. இல்லாத கிளையைக் காட்டினால் இருப்பதும் முடங்கலாம்.

வெப்சைட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், மற்ற விவரப் பட்டியல்கள் என்று வேறு எங்கே கடை இருந்தாலும், பெயர், முகவரி, நம்பர் மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டும். அரை மணி நேரம் கிடைத்தால், மைக்ரோசாஃப்டின் பிங் தேடலில் கடைகளைக் காட்டும் பிங் பிளேசஸிலும் இலவசமாகச் சேர்த்துவிடுங்கள். கூகுளில் போட்டதை அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது.

படி 8: மாதம் ஒருமுறை கணக்குப் பாருங்கள்

ப்ரொஃபைலில் செயல்திறன் என்று ஒரு பகுதி இருக்கிறது. எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று காட்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, எந்தச் சொல்லைத் தேடியபோது கடை தெரிந்தது என்ற பட்டியல். இரண்டாவது மாதம் மாமாவிடம் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மிக்ஸி ரிப்பேர், ஃபேன் ரிப்பேர், குக்கர் கேஸ்கெட் என்று போய், கீழே ஓர் இடத்தில் ‘கிரைண்டர் கல் கொத்துதல்’ என்று இருந்தது.

“இது நாம செய்றதில்லையே மாமா?”

“யார் சொன்னா? வாரத்துக்கு ரெண்டு கல்லு கொத்தறேன். நீ கேட்கவே இல்லையே.”

சேவைகள் பகுதியைத் திறந்து அதையும் சேர்த்தேன்.