ஹார்ஷ் நாய்ஸில் நீண்ட நாள் நிற்க வேண்டுமா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஹார்ஷ் நாய்ஸ் என்பது மெட்டும் தாளமும் இல்லாமல் கடும் இரைச்சலையே இசையாக்குவது. இந்த நாய்ஸைக் கேட்கத் தொடங்குகிறவர்களில் பலர் சீக்கிரமே தாங்களும் நாய்ஸ் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நாலைந்து கேசட் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களும் இங்கே நிறைய. பெரும்பாலும் திறமைக் குறைவு காரணம் இல்லை, தொடக்கத்திலேயே சில விஷயங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் காரணம்.

முதலில் காசு. வேலையை விட்டுவிட்டு முழுநேர நாய்ஸ் கலைஞனாகப் போகிறேன் என்று கிளம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இந்த இசையின் உச்சத்தில் இருக்கும் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் ஒசாகாவில் தோஷிஜி மிகாவா தொடங்கிய நாய்ஸ் குழு இன்கெபாசிடன்ட்ஸ், அப்புறம் ஃபுமியோ கொசாகாயும் சேர்ந்து இரட்டையரானார்கள். மேடையில் இந்த இருவரும் எழுப்பும் சத்தத்துக்கு ஈடு சொல்வது கஷ்டம். மிகாவா வங்கியில் வேலை பார்த்தவர், கொசாகாய் அரசு அலுவலகத்தில். மெர்ஸ்போ என்ற பெயரில் 1979 முதல் இயங்கும் மசாமி அகிதாவும் இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிச் சம்பாதித்தவர். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால்தான் யாருக்காகவும் சத்தத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இவர்களுக்கு வரவில்லை. மாத வாடகையை நாய்ஸ் கட்ட வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்து, கொஞ்சம் தாளம் சேர்க்கலாமா, கொஞ்சம் ஆம்பியன்ட் என்னும் மென்மையான சூழல் இசைப் பக்கம் போகலாமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே சப் பாப் லேபிளுக்கு வுல்ஃப் ஐஸ் என்ற நாய்ஸ் குழு 2004-இல் போனது. ஆனால் அதற்கு முன்னால் மிச்சிகனில் பல வருஷம் தாங்களே கேசட்டும் சிடி-ஆரும் பதிவு செய்து, தங்கள் சின்ன லேபிள்களில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த வருஷங்களைப் பார்க்காமல் சப் பாப்பை மட்டும் பார்ப்பது சரியில்லை.

காசோடு சேர்ந்ததுதான் பிரதிகளின் எண்ணிக்கை. முதல் வெளியீட்டையே வினைலில் போட ஆசை வரும், ஆனால் பிரஸ்ஸிங் ஆலைகள் பொதுவாக நூறு பிரதிக்குக் குறைந்து எடுப்பதில்லை, மீதிப் பெட்டிகள் கட்டிலுக்கடியில் போய்விடும். முப்பது கேசட் போடுங்கள், தீர்ந்தால் இன்னும் இருபது. ஸ்ட்ரீமிங்கை நம்பவே வேண்டாம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு டிராக் 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்கு ராயல்டியே உண்டு, நம் வகை டிராக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாத தூரம்.

அடுத்தது, கையில் கிடைத்ததையெல்லாம் வெளியிடுவது. மெர்ஸ்போ நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறாரே, 2000-இல் 50 சிடி கொண்ட பெட்டியே வந்ததே என்பார்கள். சரி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் டேப்பும் உரசும் உலோகமுமாக இருக்கும், தொண்ணூறுகளில் அது முழு இரைச்சலாகப் பொங்கும். அந்தப் பெட்டிக்கு அப்புறம் லேப்டாப் காலம். ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர் புதிதாக எதையோ தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒலியை மாற்றும் பெட்டிகளான பெடல்களின் ஒரே வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு வாரம் ஒரு ஆல்பம் ஏற்றுவது வேறு விஷயம். அப்படி ஏற்றினால் உங்களை விரும்பிக் கேட்பவருக்கே எதை எடுப்பது என்று தெரியாமல் போகும். மூன்று மணி நேரம் பதிவு செய்து அதிலிருந்து இருபது நிமிஷம் எடுங்கள், சி-20 கேசட் ஒன்றுக்கு அது போதும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம், எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான். புதிதாக வருகிறவர்கள் பெடலுக்கு மேல் பெடல் வாங்குகிறார்கள். மெட்டல் ஸோன், பிக் மஃப், இன்னொரு ஃபஸ், எல்லாவற்றிலும் எல்லாக் குமிழும் முழுசாகத் திருகியிருக்கும். விளைவு ஒரே சமதளமான இரைச்சல், பத்தாவது நொடியில் என்னவோ அதுவேதான் பத்தாவது நிமிஷத்திலும். இதற்குக் காரணம் எளிது. ஒலியைச் சிதைக்கும் முதல் டிஸ்டார்ஷன் பெடலே சிக்னலை வெட்டித் தட்டையாக்கிவிட்டால், பின்னால் வரும் பெடல்களுக்கு ஏற்ற இறக்கம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. டிஸ்டார்ஷனுக்கு முன்னால், அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் ஒன்றை வைத்துப் பாருங்கள். அதில் கீழ் அதிர்வெண்ணைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு உடைந்து உடைந்து வரும், ஏற்றினால் எல்லாமே சேறாகக் குழம்பும். அதே ஈக்வலைசரைப் பின்னால் வைத்தால் நிறம் மட்டும்தான் மாறும்.

ஒரே ஒரு மிக்ஸரும் ஒரே ஒரு பெடலும் போதும் என்று அடித்துச் சொல்வேன். மிக்ஸரின் ஆக்ஸ் வெளியீட்டை, அதாவது சிக்னலின் ஒரு பகுதியை வெளியே அனுப்பும் துணை வெளியீட்டை, பெடலுக்குக் கொடுங்கள், பெடலிலிருந்து வருவதை ஒரு சேனலுக்குள் திருப்புங்கள், அந்தச் சேனலின் ஆக்ஸ் குமிழை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு புள்ளியில் சத்தம் தன்னையே சுற்றிச் சுற்றி வளர்க்கும் ஃபீட்பேக் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து குமிழை மயிரிழை நகர்த்தினாலும் சத்தம் வேறு எங்கோ தாவும். அந்தப் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை விரல்கள் தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகும், அந்த மாதங்கள்தான் உங்கள் பயிற்சி.

பொருளின் மேலேயே ஒட்டி அதன் அதிர்வை எடுக்கும் கான்டாக்ட் மைக்கிலும் இதே கதை. பித்தளைப் பியெசோ தகடு ஒன்றில் வயர் சால்டர் செய்து, துருப்பிடித்த தகரத்தில் ஒட்டி, நேரே மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகிவிட்டு, ஒல்லியாகச் சத்தம் வருகிறதே என்று தகரத்தைக் குறை சொல்கிறார்கள். பியெசோவைச் செருகும் உள்ளீட்டுக்கு உயர்ந்த இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) வேண்டும், கிட்டத்தட்ட 1 மெகா ஓம். அது கிடைக்காவிட்டால் அடித்தொனி அப்படியே காணாமல் போய்விடும். சின்ன ப்ரீஆம்ப் ஒன்று, அல்லது முதலில் ஒரு கிடார் பெடல் வழியாகக் கொண்டுபோவது, இரண்டில் ஒன்று செய்தால் அதே தகரம் வேறு தகரமாகக் கேட்கும்.

‘நாய்ஸ் வால்’ வகை சுலபம் என்று நினைப்பதும் இந்த ரகத் தவறுதான். அசையாமல் நிற்கும் சுவர், அதில் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வான்கூவரின் ‘தி ரீட்டா’ என்ற கலைஞர், சுறாக்களைப் பார்க்கக் கடலில் இறங்குகிறவர்களுக்கான கூண்டில் பதிவான ஒலிகளைக்கூட மூலமாக எடுத்து, அவை பொரிந்து பொரிந்து உதிரும் அளவுக்குச் சிதைத்து ஆல்பம் செய்திருக்கிறார். அந்தப் பொரிவுகளின் அளவும் இடைவெளியும்தான் அந்த இசை. மூலம் எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளை இரைச்சலை ஓடவிட்டால் அந்த நெசவு வராது.

மேடைக்குப் போகும்போது பழைய புராணங்களைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 1985-இல் டோக்கியோவின் சூப்பர் லாஃப்ட் அரங்கில் ஹனதராஷ் என்ற குழுவின் நிகழ்ச்சிக்கு, அதன் யமந்தகா ஐ என்பவர் மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு சுவரை இடித்தபடி உள்ளே வந்ததை எல்லாரும் சிலாகிப்பார்கள், அதற்கப்புறம் பெரும்பாலான அரங்குகள் அவர்களுக்குக் கதவை மூடியதைச் சொல்ல மாட்டார்கள். நாய்ஸ் நிகழ்ச்சி வைக்க இடம் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. உங்களால் ஒரு இடம் போனால் உங்களோடு சேர்ந்து ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் போனது. சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வெட்டுப்பட்ட சிக்னலில் உச்ச அதிர்வெண் மண்டிக் கிடக்கும், அது ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டரைச் சுட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்று காட்டினால் அவர் நிச்சயம் ஒத்துழைப்பார். பதினைந்து நிமிஷம் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். ஒசாகாவின் மசோனா சில நிமிஷங்களிலேயே முடித்துவிடுவார், யாருக்கும் குறையாகத் தோன்றாது.

காது விஷயத்தில் வீரம் காட்டாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வேலையிடங்களுக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிஷம்தான் மிச்சம். உள்காதில் ஒலியை உணரும் செல்கள் செத்தால் திரும்பி வராது, காதுக்குள் கூவும் டின்னிடஸ் தூங்கும்போதும் கூடவே இருக்கும். வீட்டில் பயிற்சியைக் குறைந்த ஒலியில் செய்யுங்கள், நிகழ்ச்சிக்குப் போனால் இயர்பிளக் போடுங்கள்.

கொலைகாரர் படம், நாஜிச் சின்னம் என்று அட்டையில் போட்டு அதிர்ச்சி காட்டுவது எண்பதுகளிலேயே தேய்ந்துபோன வழக்கம். ஒன்றும் சொல்ல இல்லாதவர்தான் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது யாரை மிதிக்கிறது என்று கொஞ்சம் யோசித்தால் கையே வராது.

கடைசியாக, லேபிள்களுக்கு ஒரே மின்னஞ்சலை மொத்தமாக அனுப்பாதீர்கள். மாசசூசெட்ஸின் லோவெல் ஊரில் ஆர்ஆர்ரெகார்ட்ஸ் கடை நடத்திய ரான் லெஸ்ஸார்ட், பழைய பாப் கேசட்டுகளின் மேலேயே நாய்ஸைப் பதிந்து, டக்ட் டேப் ஒட்டி, அதன் மேல் கையால் பெயர் எழுதி ‘ரீசைக்கிள்டு மியூசிக்’ என்று ஒரு வரிசையே விற்றார். இந்த உலகம் அப்படி ஒருவருக்கொருவர் டேப் அனுப்பி வளர்ந்த உலகம். உங்களுக்குப் பிடித்த லேபிளில் இரண்டு டேப் வாங்குங்கள், கேளுங்கள், என்ன பிடித்தது என்று நாலு வரி எழுதுங்கள், உங்கள் டேப்பையும் மாற்றாக அனுப்பலாமா என்று கேளுங்கள். பதில் வந்தால் அந்த வாரமே தபாலில் போட்டுவிடுங்கள்.